ஆரல்வாய்மொழி முதல் களியக்காவிளை வரை: தின்று தீர்த்த ஐந்து நாட்கள்

முதல் நாள்: நாகர்கோவில்

இந்தப் பயணத்துக்குக் காரணம் ஒரு அவியல்.

மூன்று மாதம் முன்பு, வேளச்சேரியில் புதிதாகத் திறந்திருந்த ஓர் உணவகத்துக்குக் கூட்டுக்காரனோடு போயிருந்தேன். (கூட்டுக்காரன் என்றால் நண்பன். கல்லூரியில் நான்கு வருடம் ஒரே அறையில் இருந்ததில் அவன் ஊர்ச் சொல் எனக்கும் ஒட்டிக்கொண்டது.) மெனு அட்டையில் அவியலுக்குப் பக்கத்தில் 'கேரளா ஸ்பெஷல்' என்று போட்டு இருநூற்று இருபது ரூபாய் விலை வைத்திருந்தார்கள். அவனுக்கு வந்ததே கோபம். "லேய், இது எங்க வீட்டு அவியல்லா! எவன் சொன்னான் கேரளான்னு?" சரி, அப்படியானால் உங்கள் கன்னியாகுமரி ஜில்லாவில் தமிழ்நாட்டுச் சாப்பாடு எந்த ஊரோடு முடிகிறது, கேரளச் சாப்பாடு எங்கே ஆரம்பிக்கிறது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நீயே வந்து தின்னு பாரு" என்றான்.

வந்துவிட்டேன். கிழக்கே ஆரல்வாய்மொழியில் ஆரம்பித்து மேற்கே களியக்காவிளை வரை. அறுபது கிலோமீட்டருக்குள்தான். நான் திருச்சிக்காரன், வயிறு கொஞ்சம் வீக். இதைச் சொல்லிவிடுவது நல்லது.

விடியற்காலையில் ரயில் ஆரல்வாய்மொழியைக் கடக்கும்போது காற்றின் சத்தத்திலேயே விழித்துக்கொண்டேன். முன்பு திருவிதாங்கூரின் எல்லை இந்தக் கணவாயில்தான் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேர, கோடு களியக்காவிளைக்குப் பக்கம் போய்விட்டது. கோடுதான் போனது, அடுப்பு அங்கேயேதான் இருக்கிறது என்பது கூட்டுக்காரன் கட்சி.

குளித்துவிட்டு வடசேரிப் பக்கம் ஒரு சின்னக் கடைக்கு அழைத்துப் போனான். நான் தோசைதான் கேட்டேன். தோசையோடு ஒரு கிண்ணம் வந்தது. ரசவடை.

சென்னையில் ரசவடை என்று தருவது எனக்குத் தெரியும். உளுந்து வடையை ரசத்தில் போட்டுப் பஞ்சாக ஊறவைத்திருப்பார்கள். இது பருப்பு வடை. அடுப்புக்குப் பக்கத்தில் அகலமான பாத்திரத்தில் ரசம், அதில் வடைகள் முங்கிக் கிடந்தன. கரண்டியால் அழுத்தினால் நடுவில் பிளக்கிறது, ஆனால் கரையவில்லை. பிளந்த இடத்தில் கடித்தும் கடிபடாத பருப்பு, ரசத்தை உறிஞ்சிக் கனத்திருக்கிறது. ஓரம் மட்டும் இன்னும் கொஞ்சம் முறுகல். "அண்ணாச்சி, எப்படி உடையாம நிக்கி?" என்று கூட்டுக்காரன் எனக்காகக் கேட்டான். "பருப்பப் பாதி அரச்சாத்தான் ரசம் குடிக்கும். மாவா அரச்சா கரஞ்சு போவும்" என்றார், தோசைக்கல்லை விட்டுக் கண்ணை எடுக்காமல். இரண்டாவது கிண்ணம் வாங்கினேன். மூன்றாவதும் வாங்கியிருப்பேன், மதியம் இருக்கிறது என்று தடுத்துவிட்டான்.

மதியம் இலைச் சாப்பாடு. இலையின் இடது ஓரத்தில் உப்பேரி, இஞ்சி, நார்த்தங்காய். அப்புறம் பச்சடி, துவரன், எரிசேரி, அவியல். முதலில் பருப்பு ஊற்றி நெய் விட்டு, மேலே பப்படத்தை நொறுக்கிப் போட்டு ஒரு சுற்று, பிறகு சாம்பார், பிறகு புளிசேரி, பிறகு ரசம். இதுவரை என் ஊர்க் கணக்குக்கு ஓரளவு ஒத்து வந்தது. ரசம் முடிந்து மோருக்காகச் சோற்றில் குழி வைத்துக் காத்திருந்தேன். பரிமாறுகிறவர் பாயச வாளியோடு வந்து நின்றார். இலையில் போளியை வைத்து அதன் மேல் பாயசத்தை ஊற்றினார். பாயசம் முடிந்த பிறகுதான் மோர். எங்கள் வீட்டில் இனிப்பு தின்றால் கை கழுவ எழுந்துவிடுவோம். இங்கே இனிப்புத் திகட்டலை மோர் ஊற்றிக் கழுவி அனுப்புகிறார்கள். எனக்கு இந்த வரிசை பிடித்துவிட்டது.

அவியலைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேளச்சேரியில் வெள்ளை வெளேரென்று தயிரில் மிதந்தது. இங்கே மஞ்சள் நிறம், தளரவே இல்லை. காயோடு காயாகத் தேங்காயும் சீரகமும் பச்சை மிளகாயும் ஒட்டிக்கிடந்தன; புளிப்புக்கு மாங்காய். இறக்கும்போது விட்ட பச்சைத் தேங்காய் எண்ணெயின் வாசனை இலை வரை வந்தது.

இரவு நடந்ததைச் சுருக்கமாக எழுதிவிடுகிறேன். நாகர்கோவில் 2019-இல் மாநகராட்சியானது. மாநகராட்சிக்கு வேண்டிய எல்லாமே வந்துவிட்டது. ஒரே சாலையில் மந்தி, அல்ஃபாம், ஷவர்மா, மொஹிட்டோ என்று விளக்குப் பலகைகள் எரிகின்றன. மந்தி ஏமன் நாட்டுச் சாப்பாடு; வளைகுடா போய்வந்தவர்கள் மலபாருக்குக் கொண்டுவந்தார்கள், அங்கிருந்து தெற்கே இறங்கி இங்கே வந்திருக்கிறது. அல்ஃபாம் என்றால் அரபியில் கரி என்றுதான் அர்த்தம், அடுப்புக் கரி. கூட்டுக்காரனின் அக்கா பிள்ளைகள் இரண்டு பேரும் "மாமா, மந்தி!" என்று குதித்ததால் போனோம். ஐம்பது நிமிடம் காத்திருந்தோம். பெரிய தட்டில் சோறும் கோழியும் வந்தன. சோறு நன்றாகத்தான் இருந்தது. கோழி எலும்போரம் சிவப்பாக இருந்ததை நான் பார்த்தேன், பார்த்துவிட்டும் தின்றேன். யாரையும் குறை சொல்வதற்கில்லை.

இரண்டாம் நாள்: பெரும்பாலும் படுக்கை, கொஞ்சம் கடல்

யாரையாவது குறை சொல்லத்தான் வேண்டும் போலிருக்கிறது. இரவு இரண்டு மணியிலிருந்து வயிறு என் வசம் இல்லை.

கூட்டுக்காரனின் அம்மைக்குத் தெரிந்ததும் காலையில் எனக்குத் தோசை மறுக்கப்பட்டது. "கடையில போயி கண்டதையும் தின்னா வயிறு கேக்குமா மக்களே? கஞ்சி தாறேன், இரி." சிவப்புச் சம்பா அரிசிக் கஞ்சி, சிறுபயறு, சுட்ட பப்படம், தேங்காயோடு காய்ந்த மிளகாய் சுட்டு வைத்து அரைத்த சம்மந்தி. கூடவே ஒரு பிலா இலை. பலாவைத்தான் இங்கே பிலா என்கிறார்கள். பழத்துக்குச் சக்கை என்று பெயர்.

இலை எதற்கு என்று விழித்தேன். அம்மை அதை வாங்கி, கூம்பு போல மடித்து, தென்னை ஈர்க்கை இரண்டு விரல் நீளத்துக்கு ஒடித்துக் குறுக்கே குத்தினார்கள். கரண்டி தயார். கஞ்சியில் விட்டு எடுத்தால் ஒரு வாய் அளவு சரியாக வருகிறது. கஞ்சி எவ்வளவு சூடாக இருந்தாலும் இலை உதட்டைச் சுடுவதில்லை. சூடு பட்டதும் இலையிலிருந்து பச்சை வாசம் லேசாகக் கிளம்பி கஞ்சியோடு சேர்கிறது. தின்று முடித்ததும் இலையை ஆட்டுக்குப் போட்டுவிட்டார்கள். சென்னையில் மட்கும் கரண்டி என்று பாக்குமட்டையிலும் சோள மாவிலும் செய்து விற்கிறார்கள், அதற்குத் தனி விலை.

மாலையில் தேறிவிட்டேன். பைக்கில் சின்னமுட்டம் போனோம். துறைமுகத்தில் விசைப்படகுகள் எல்லாம் தோளோடு தோள் உரசிக் கட்டிக் கிடந்தன. கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடை. "அப்போ இந்த வாரம் மீன் கிடையாதா?" என்று பதறினேன். கூட்டுக்காரன் சிரித்தான். கன்னியாகுமரிக்கு இந்தப் பக்கம் கிழக்குக் கடற்கரைக் கணக்கு, அந்தப் பக்கம் மேற்குக் கடற்கரைக் கணக்கு. மேற்கே தடை ஜூன் 1-இல்தான் தொடங்கி ஜூலை கடைசி வரை. அதனால் இன்றைக்குச் சின்னமுட்டத்தில் படகு கட்டிக் கிடக்க, அதே ஜில்லாவில் குளச்சலில் படகு கடலில் ஓடிக்கொண்டிருக்கிறது. சாப்பாட்டு எல்லையைத் தேடி வந்தவனுக்கு இலவசமாக ஒரு கடல் எல்லை கிடைத்தது.

கன்னியாகுமரியில் சாப்பாட்டைப் பற்றி எழுத அதிகமில்லை. வடக்கிலிருந்து வருகிற சுற்றுலாக் கூட்டத்துக்காக எங்கும் குஜராத்தி தாலி, ராஜஸ்தானி போஜனம் என்ற பலகைகள். சூரிய அஸ்தமனம் மேகத்துக்குள் போய்விட்டது. இரவும் கஞ்சிதான்.

மூன்றாம் நாள்: பத்மநாபபுரம், தக்கலை

பத்மநாபபுரம் அரண்மனைக்கு எல்லாரும் மரவேலையைப் பார்க்கப் போவார்கள். நான் ஊட்டுப்புரையைப் பார்க்கப் போனேன். இரண்டு அடுக்கு, நீளமான கூடம். மேலும் கீழுமாக ஒரே நேரத்தில் இரண்டாயிரம் பேர் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று சொல்கிறார்கள். தினமும் இலவசச் சாப்பாடு போட்ட இடம். ஒரு மூலையில் ஊறுகாய் ஜாடிகள், என் இடுப்பளவு உயரம். ஆள் இல்லாத அந்தக் கூடத்தின் ஒரு முனையில் நின்று மறுமுனையைப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: கடைசிப் பந்திக்காரனுக்குச் சாம்பார் சூடாக வந்து சேர்ந்திருக்குமா? கூட்டுக்காரன் தலையில் அடித்துக்கொண்டான்.

இந்த அரண்மனை இருக்கிற மண் தமிழ்நாடு, பராமரிப்பது கேரள அரசு. டிக்கெட் கிழிப்பவரும் கேரள அரசு ஊழியர்தான். இந்த ஜில்லாவைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக ஒருவர் சொல்ல முடியாது.

தக்கலையில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். முதலில் தண்ணீர் வந்தது. இளஞ்சிவப்பு நிறம், வெதுவெதுப்பு. டம்ளரைச் சரியாகக் கழுவவில்லையோ என்று தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். பக்கத்து மேசைக்காரர், "பதிமுகம் போட்டுக் காய்ச்சின வெள்ளம் சார், தைரியமா குடிங்க" என்றார். வெள்ளம் என்றால் இங்கே தண்ணீர். சப்பங்க மரத்தின் கட்டையைச் சீவிப் போட்டுக் கொதிக்க வைத்தால் இந்த நிறம் வருகிறது. நாகர்கோவிலில் நேற்று முன்தினம் எனக்கு வந்தது சாதாரணத் தண்ணீர். குறிப்பேட்டில் முதல் வரியை எழுதினேன்: 'தண்ணீர் தக்கலையில் நிறம் மாறியது.'

அடுத்து வந்தது உருண்டைச் சோறு. மட்டை அரிசி. ஒவ்வொரு பருக்கையிலும் சிவப்புக் கோடு. குழம்பை ஊற்றினால் நம் பொன்னி அரிசி மாதிரி உடனே குழைந்துவிடாமல் தனித்தனியாக நிற்கிறது, மென்றுதான் விழுங்க வேண்டியிருக்கிறது. பக்கத்து மேசையில் பரோட்டாவும் பீஃப் ரோஸ்ட்டும், தேங்காய்க் கீற்றோடு கறுப்பாக. பலகையிலும் பீஃப் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. சென்னையில் சில கடைகளில் இதைக் காதோடு கேட்டு வாங்க வேண்டியிருக்கும். இங்கே பள்ளிச் சீருடையில் இரண்டு பையன்கள் ஆளுக்கு இரண்டு பரோட்டாவும் ஒரு ரோஸ்ட்டும் வாங்கிப் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். விடுமுறையில் ஸ்பெஷல் கிளாஸ் போலும். வயிற்றை நினைத்து நான் ஒரு துண்டு மட்டும். சரி, மூன்று.

நான்காம் நாள்: குளச்சல், மார்த்தாண்டம்

காலை ஆறரைக்குக் குளச்சல். 1741-இல் மார்த்தாண்டவர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்த கடற்கரை. அதற்கு ஒரு வெற்றித் தூணும் உண்டு. நாங்கள் தூணைப் பார்க்க நிற்கவில்லை, மீன் ஏலத்துக்கு நேரமாகிவிட்டது. சாளை, அயிலை, நெத்தோலி, கணவாய், விளமீன். ஏலம் விடுகிற வேகத்தில் எனக்கு எண்கூடப் புரியவில்லை. கூட்டுக்காரனின் மாமியார் சொல்லி அனுப்பியபடி இரண்டு கிலோ அயிலையும் கொஞ்சம் நெத்தோலியும் வாங்கிக்கொண்டு மார்த்தாண்டம் போனோம்.

கூட்டுக்காரனின் அம்மை நாஞ்சில் நாடு (நாகர்கோவிலைச் சுற்றிய கிழக்குப் பக்கம்), மாமியார் மேற்கே விளவங்கோடு. கல்யாணமாகிப் பதினோரு வருடம் ஆகியும் இந்த இரண்டு வீட்டுக்கும் அவியலில் ஒத்துப்போகவில்லையாம். அங்கே மாங்காய், இங்கே தயிர். சாப்பிடும்போது இரண்டு பக்கமும் தலையாட்டுவதுதான் தன் பிழைப்பு என்றான்.

மாமியார் எங்களை அடுக்களைக்குள்ளேயே உட்கார விட்டார்கள். மரச்சீனிக் கிழங்கை (மரவள்ளியைத்தான் இங்கே இப்படிச் சொல்கிறார்கள்) தோலுரித்துப் பெரிய துண்டுகளாக வெட்டி நிறையத் தண்ணீரில் வேக வைத்தார்கள். வெந்ததும் அந்தத் தண்ணீரை முழுக்க வடித்துக் கொட்டிவிட்டார்கள். ஏன் என்று கேட்டேன். "அந்த வெள்ளம் ஆவாது மக்களே, கட்டு இருக்கும்" என்றார்கள். கிழங்கில் இருக்கிற நச்சுத்தன்மையில் ஒரு பங்கு அந்தத் தண்ணீரோடு போய்விடும். பிறகு தேங்காய், பச்சை மிளகாய், சீரகம், மஞ்சள், ஒரு பல் பூண்டு சேர்த்துத் தறதறவென்று அரைத்த கலவையைக் கிழங்கின் மேல் கொட்டி, உப்புப் போட்டு மூடி வைத்தார்கள். ஐந்து நிமிடம் கழித்து மரத் துடுப்பை எடுத்து நின்றுகொண்டே மசித்தார்கள். இதற்கு 'மயக்குதல்' என்று பெயர். கிழங்கு மயங்கியதா என்பதற்கு அடையாளம், துடுப்பைத் தூக்கினால் பாத்திரமும் சேர்ந்து தூக்க வேண்டும். தூக்கியது.

மரச்சீனி இந்த மண்ணுடையது இல்லை. தென் அமெரிக்காவிலிருந்து கடல் வழியாக வந்தது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா இதைப் பயிரிடச் சொல்லிப் பரப்பினார். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் பர்மா அரிசி வருவது நின்றுபோக, ஊர் உயிர் பிழைத்தது இந்தக் கிழங்கில். "எங்க அம்மைக்குச் சின்னப் பிள்ளையில மூணு நேரமும் இதுதான். கடைசி வரைக்கும் அவங்க இதத் தொட்டதே இல்ல" என்றார்கள் மாமியார். அவர்கள் அம்மைக்குப் பஞ்சத்தின் ருசியாக இருந்த ஒன்றைத்தான் நான் போன வருடம் நுங்கம்பாக்கத்தில் கறுப்புப் பீங்கான் தட்டில் 'கப்பா மேஷ்' என்று வாங்கித் தின்றேன். மேலே ஒரு கொத்தமல்லித் தழை.

அயிலைக் கறியில் கொடம்புளி. நாஞ்சில் பக்கம் மீனுக்குச் சாதாரணப் புளியோ மாங்காயோதான். இங்கே வந்ததும் புளியே மாறிவிட்டது. கறுத்துச் சுருண்ட துண்டு ஒன்று என் கிழங்கின் மேல் விழுந்தது, மீன் என்று கடித்துவிட்டேன். காது வரை புளித்தது. நெத்தோலியைப் புளிமுளம் வைத்திருந்தார்கள். தேங்காய் அரைத்து, சாறு வற்ற வைத்த மீன். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இன்றைக்கு விரல்கள் ஓயவில்லை. நக்கிக்கொண்டிருக்கிறேன்.

ஐந்தாம் நாள்: களியக்காவிளையும் தாண்டி

கடைசி நாளைக் குடிப்பதற்கு ஒதுக்கியிருந்தோம்.

காலையில் அக்கானி. பதநீரைத்தான் இந்தப் பக்கம் அப்படிச் சொல்கிறார்கள். மார்த்தாண்டத்திலிருந்து உள்ளே போகிற சாலையில் பனையேறி ஒருவர் மரத்தடியில் பானையை இறக்கிக்கொண்டிருந்தார். வயது அறுபதுக்கு மேல் இருக்கும். ஓலையைக் குவித்துப் பிடிக்கச் சொல்லி அதில் ஊற்றினார். குளிர்ச்சி, தித்திப்பு, கடைசியில் லேசான புகை வாசம். பானைக்குள் பார்க்கட்டுமா என்று கேட்டேன். சாய்த்துக் காட்டினார். உள்சுவர் முழுக்க வெள்ளைப் பூச்சு. சுண்ணாம்பு. பாளையிலிருந்து சொட்டுகிற சாறு காற்றுப்பட்டால் தானாகவே புளித்து நுரைக்கும்; சுண்ணாம்பு இருந்தால் புளிக்காது. "சுண்ணாம்பு தடவினா அக்கானி, தடவல்லன்னா கள்ளு. அவ்வளவுதான் தம்பி" என்றார். "தடவல்லன்னா போலீசு வரும்" என்றும் சேர்த்துக்கொண்டார். தமிழ்நாட்டில் 1987-இலிருந்து கள்ளுக்குத் தடை. அரசே டாஸ்மாக் கடைகளில் பாட்டில் விற்பது வேறு கதை, 2003-இலிருந்து சில்லறை விற்பனையும் அவர்கள் கையில்தான்.

மதியம் களியக்காவிளையில் பஸ் இறங்கி, எல்லையை நடந்தே கடந்தோம். ஒரு பக்கம் தமிழ்ப் பலகை, பத்தடி தள்ளி மலையாளப் பலகை. ஆட்டோ பிடித்துப் பாறசாலைப் பக்கம் ஒரு ஷாப்புக்குப் போனோம். கேரளத்தில் கள்ளுக்கடை லைசென்ஸ் உள்ள கடை. அதை ஷாப்பு என்றே சொல்கிறார்கள். தடுப்புப் போட்ட சின்னச் சின்ன அறைகள். அடுத்த அறையில் ஒரு குடும்பம், குழந்தைக்கு மீன் முள் எடுத்துக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

கள் மண் குடத்தில் வந்தது. வெள்ளையாகக் கலங்கல், மேலே மெல்லிய நுரை. முதல் வாய் புளித்த இளநீர் மாதிரி, இரண்டாவது வாய் ஈஸ்ட் வாசம். காலையில் இறக்கிய கள் மதியத்துக்குள் கடுத்துவிடும் என்று ஊற்றிக்கொடுத்தவர் சொன்னார். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அக்கானிதான் பிடித்தது. ஆனால் கூட வந்த கப்பையும் (அதே மரச்சீனிதான்) மீன்கறியும்! எரிவென்றால் எரிவு, கண்ணில் நீர் வந்துவிட்டது. எரிவை அடக்க இன்னொரு டம்ளர், டம்ளர் தீர்ந்ததும் இன்னொரு கவளம். சமையற்காரர் கணக்குப் பார்த்துத்தான் மிளகாய் போட்டிருக்கிறார்.

அங்கே கூட்டுக்காரனிடம் குறிப்பேட்டை நீட்டினேன். தண்ணீர் தக்கலையில் மாறியது. சோறும் அங்கேயே. புளி மார்த்தாண்டத்தில். தேங்காய் எண்ணெய் நாகர்கோவிலிலேயே ஆரம்பித்துவிட்டது. மந்தி எங்கேயும் மாறவில்லை. களியக்காவிளையில் மாறியது ஒன்றே ஒன்றுதான், பானைக்குள் சுண்ணாம்பு. அவன் முழுக்கப் படித்துவிட்டு, "அப்போ அவியல்?" என்றான். அவியலுக்கு எதிரே 'உன் அம்மையையும் மாமியாரையும் கேள்' என்று எழுதிக் கொடுத்தேன்.

திரும்பி நாகர்கோவில் வந்து, ரயிலுக்கு முன்னால் ஒரு பழக்கடையில் மட்டிப் பழம் வாங்கினேன். ஒரு சீப்பு. விரல் அளவுதான் இருக்கும், தோல் காகிதம் மாதிரி. இந்த ஜில்லாவில் குழந்தைக்கு முதலில் ஊட்டுகிற பழம். 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. சென்னைக்கு ஏன் வருவதில்லை என்று கடைக்காரரிடம் கேட்டேன். "இது ஊரு தாண்டாது சார்" என்றார். பழுத்தால் காம்பில் நிற்காமல் உதிர்ந்துவிடுமாம்.

மதுரை தாண்டியபோதே வாசம் பெட்டி முழுக்கப் பரவிவிட்டது. காலையில் செங்கல்பட்டில் பையைத் திறந்தால் சீப்பில் ஒட்டியிருந்தவை நான்கு, அடியில் உதிர்ந்து கிடந்தவை எட்டு. எதிர் பெர்த் அம்மாள் இரவெல்லாம் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தவர். ஒன்றை நீட்டினேன். தின்றுவிட்டு, "இது எந்தக் கடைல கிடைக்கும்?" என்றார்.

மிச்சம் பதினொன்றையும் தாம்பரத்துக்குள் தின்று தீர்த்தோம்.